பட்டிக் கல்லும் பாசியும்

பொதுமக்களிடமிருந்து வரும் கடிதத்துக்கு உடனே முடிவு சொல்ல இயலாவிட்டால், கடிதம் கிடைத்தது என்றாவது ஓர் இடைக்காலப் பதில் அனுப்ப வேண்டும். அரச அலுவலகங்களில் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. தெரியாதவர்களுக்கு நானே பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஓய்வுபெறும் வரை, இடைக்காலப் பதில் இல்லாமல் என் மேசையைக் கடந்து ஒரு கடிதமும் கோப்புக்குள் போய்ப் படுத்ததில்லை. அப்படிப்பட்டவன் நெடுந்தீவிலிருந்து எழுதிய கடிதத்துக்கு ஒரு வரிகூட வராமல் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கி, அடித்து ஓய்ந்து, மாரி மழையும் இறங்கிவிட்டது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

கடிதம் பாசியைப் பற்றியது. சரியாகச் சொன்னால், பாசி தின்னும் நத்தைகளைப் பற்றியது. நத்தைக்கு முன்னால் இன்னொரு விதியையும் சொல்லியாக வேண்டும்: புதிதாக அமைத்த உப்புநீர்த் தொட்டியில் பாசி வந்து, பெருகி, அடங்கும் வரை மீன் விடக்கூடாது. இதை யாரும் சுற்றறிக்கையாக அனுப்பவில்லை. நானே தேடிப் படித்து, நானே எனக்கு விதித்துக்கொண்டது. அதனால்தான் மீற முடியவில்லை.

தொட்டி வந்தது மனைவியின் இடுப்பு எலும்பால். போன மாரியில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். படகில் படுக்க வைத்துக் கொண்டுபோய், யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்து, பொங்கலுக்கு முன் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். எலும்பு பொருந்திவிட்டது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த வைத்தியர் திருப்தியாகத் தலையாட்டினார். ஆனால் மனைவி நடக்கவில்லை. கட்டிலிலிருந்து பக்கத்துக் கதிரைக்கு மாறுவார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். வோக்கரைக் கையில் கொடுத்து ஓர் அடி வைக்கச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். நோவில்லை, பயம். வாழ்க்கை முழுவதும் கணிதம் படிப்பித்தவர். இந்தத் தீவில் பாதிப் பேருக்கு இவர் பெயரைச் சொன்னால் இன்றும் முதுகு நிமிரும். அவருக்குப் பயம் என்று வெளியில் சொல்ல என்னால் முடியவில்லை. இடுப்பு ஆறட்டும் என்று ஊருக்குச் சொல்லி வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நடை பழக்க வருகிற பிள்ளை ஒருநாள் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னது. “ஐயா, இப்பிடியே படுத்திருந்தால் கால் நடையை மறந்திடும். பிறகு நாங்கள் ஒண்டும் செய்யேலாது.”

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ மனைவி யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “அசையிற ஏதும் பாக்கவேணும் போலை கிடக்கு. ரீவியிலை அழுகிற பொம்பிளையளையும் உங்கட முகத்தையும் விட்டால் இந்த வீட்டிலை பாக்க என்ன இருக்கு?”

“என்ன பாக்க விருப்பம்?”

“இறங்குதுறையிலை தூணைச் சுத்தி நிக்குமே, மஞ்சளிலை கறுப்பு வரி போட்ட குஞ்சு மீன். அதைப் பாத்துக்கொண்டு நிண்டு எத்தினை தரம் படகைத் தவறவிட்டிருப்பன்.”

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. தொட்டியை ஹோலில் வைப்பதாக முடிவெடுத்தேன். அவருடைய கட்டிலிலிருந்து பார்த்தால், கதவு திறந்திருக்கும்போது தொட்டியின் ஒரு மூலைதான் தெரியும். மீதியைப் பார்க்க வேண்டுமானால் எழுந்து நடந்து வர வேண்டும். இந்தத் திட்டத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது.

“தூண்டில் போடுறியளோ?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி. மீன் வரட்டும். எழும்பி வந்து பாக்கிறன்.”

அவர் சொன்ன சொல் தவறாதவர். மீன் வந்தால் நடப்பார். பிரச்சினை மீனில்தான் இருந்தது.

கண்ணாடித் தொட்டி யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ்ஸில், என் மடியில் பாதியும் பக்கத்திலிருந்தவர் மடியில் பாதியுமாக வந்தது. அங்கிருந்து படகு. படகில் என் அயலவர் இருந்தார். கடற்றொழில் செய்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், மாதா சுருவத்துக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் வள்ளம் இறக்காதவர். வாய் மட்டும் யாரையும் கேட்டு இறங்காது.

“அண்ணை, நாலு பக்கமும் கடல். காணாதெண்டு வீட்டுக்கையும் ஒண்டோ?”

“கடலைக் கட்டிலடிக்குக் கொண்டுவர ஏலாது. அதுக்குத்தான் இது.”

“கட்டிலைக் கடலடிக்குக் கொண்டு போகலாமே. லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பெட்டியிலை ஏத்துவம். அக்கா படுத்தபடியே பாக்கட்டும்.”

படகு முழுக்கச் சிரித்தது. நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அடிவானத்தைப் பார்த்தேன்.

மற்றவை ஒழுங்காக நடந்தன. நீரைச் சுழற்றும் மோட்டார், அழுக்கைப் பிடிக்கும் வடி, மேலே ஒரு விளக்கு, உப்பின் அளவைப் பார்க்கும் கருவி, நீரைச் சோதிக்கும் சின்னச் சின்னக் குப்பிகள். கடல்நீர் இறங்குதுறைப் பக்கத்தில் எடுக்கக்கூடாது, எண்ணெய் மிதக்கும். மேற்குக் கரையில், கடல் பெருக்கின்போது எடுத்துத் துணியில் வடித்தேன். மணலும் அப்படியே. இனி வேண்டியது கல். உப்புநீர்த் தொட்டியில் கல் அலங்காரத்துக்கல்ல. அதன் துளைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேறித்தான் அழுக்கை நஞ்சில்லாததாக மாற்றுகின்றன. துளை கூடக் கூட நல்லது. பவளக்கல்தான் மிகச் சிறந்தது.

கடலில் பவளத்தைத் தொடுவதற்கில்லை என்பது எனக்குத் தெரியும். தொடவேண்டிய அவசியமும் இல்லை. நெடுந்தீவில் வேலி என்பதே பவளக்கல்தான். சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, காணிக்குக் காணி, ஒழுங்கைக்கு ஒழுங்கை ஓடுகிறது. என் சொந்தக் காணிக்குள், என் சொந்த வேலியில், கடலை விட்டு வந்து தலைமுறைகளான கல்லை எடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. வீட்டுக்கு முன்னால் இருந்த வேலிக் கற்கள் வழவழவென்று இருந்தன. பின்காணியின் பழைய வேலியில் இருந்தவையோ தேன்வதைபோலத் துளைத்துளையாய், கையில் எடுத்தால் பஞ்சுபோல, பார்க்க அவ்வளவு பொருத்தமாக இருந்தன. அவற்றைத் தேர்ந்தெடுத்தேன். கழுவி, தேய்த்து, வெயிலில் காயவைத்துத் தொட்டிக்குள் அடுக்கினேன். இந்த உலகத்தில் இந்தத் தவறைச் செய்யக்கூடியவர்கள் நெடுந்தீவார் மட்டும்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் மண்ணிறம் வந்தது. மணலின் மேல், கண்ணாடியில், தேத்தண்ணி சிந்தியது போல. இதை எதிர்பார்த்தேன், இது தானாகப் போகும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. போனது. அடுத்ததாகப் பச்சை வந்தது. இதையும் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது அதன் நீளம். கற்களில் முதலில் மெல்லிய மயிராக முளைத்தது, பிறகு தாடியாயிற்று, பிறகு நீரோட்டத்தில் ஆடுகிற கூந்தலாயிற்று. கண்ணாடி முழுக்கப் பச்சை படிந்து, ஹோலில் விளக்கைப் போட்டால் சுவரெல்லாம் குளத்துக்கு அடியில் இருப்பதுபோலத் தெரிந்தது.

செய்ய வேண்டியவை எல்லாம் செய்தேன். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தேன். யன்னலுக்கு இரட்டைத் திரை போட்டேன். பாசியைக் கையால் பிடுங்கி, கல்லைப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன். மேற்குக் கரையிலிருந்து புது நீர் கொண்டுவந்து பழையதை மாற்றினேன். ஆவியாகிக் குறைகிற நீருக்குப் பதிலாக நல்லதண்ணீர்தான் விட வேண்டும். கிணற்று நீரில் இருக்கிற சத்துப் பாசிக்கு உரம். குடிநீருக்குத் தட்டுப்பாடான நெடுந்தீவில் நல்லதண்ணீரை மீனில்லாத தொட்டிக்குள் ஊற்றுபவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று இந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கட்டிலிலிருந்து குரல் வரும். “இஞ்சாருங்கோ, உதுக்குள்ளை ஊத்திறது குடிக்கிற தண்ணியோ?”

“கொஞ்சம்தான்.”

“எனக்குக் குளிக்கக் கிணத்துத் தண்ணி, பாசிக்குக் குடிதண்ணி. நல்ல நீதி.”

இன்னொரு நாள்: “எப்ப மீன்?”

“பாசி அடங்கட்டும்.”

“பாசி என்ன, உங்கட கந்தோரிலையே வேலை செய்யுது? அடங்கிறதுக்கு இவ்வளவு காலம்?”

பல் பிரஷைத் தேடிக்கொண்டு போனேன்.

எல்லாவற்றையும்விட ஒன்றுதான் உறுத்தியது. தன்னை விழுத்தியது பாசி என்பதை அவர் மறக்கவில்லை. “கிணத்தடியிலை என்னை விழுத்தினதை ஹோலுக்கை கொண்டுவந்து லைற்றுப் போட்டு வளக்கிறியள்” என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்குக் கதிரைக்குக்கூட மாறவில்லை.

அயலவர் இரண்டு யோசனை சொன்னார். முதலாவது, ஓரா மீன் ஒன்றைப் பிடித்து விடுவது. ஓரா பாசி தின்னும், உண்மைதான். “ரெண்டு நாளிலை மொட்டை அடிச்சுவிடும் அண்ணை. பிறகு குழம்பு வைக்கலாம்.” ஆனால் பாசி அடங்கும் வரை மீன் விடக்கூடாது. பாசியை அடக்குகிற மீனையும் பாசி அடங்கிய பிறகுதான் விடலாம். விளக்கிச் சொன்னேன். அவர் என்னை அன்போடு பார்த்தார், நோயாளியைப் பார்ப்பதுபோல.

இரண்டாவது, நத்தை. கரையோரப் பாறைகளில் ஒட்டிப் பாசி மேய்கிற சின்ன நத்தைகள். புத்தகங்களும் இதையே சொல்கின்றன: மீனுக்கு முன் நத்தை விடலாம், விடவும் வேண்டும். “வாளி கொண்டு வாங்கோ, அள்ளித் தாறன்” என்றார் அயலவர்.

இங்கேதான் நான் கடிதம் எழுதினேன்.

கடலில் எடுக்கக்கூடாத உயிர்கள் சில உண்டு. இந்த நத்தை அவற்றில் ஒன்றா இல்லையா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. அனேகமாக இல்லை. ஆனால் சேவைக்காலம் முழுவதும் ‘அனேகமாக’ என்ற சொல்லில் கையெழுத்துப் போடாதவன் நான். கடல்சார் விடயங்களைப் பார்க்கும் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருப்பவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. எந்த நத்தை, எத்தனை, எந்தக் கரை, என்ன தேவைக்கு, எல்லாம் இரண்டாம் பந்தியில் தெளிவாக இருந்தன. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

“ஊரி நத்தை பொறுக்கிறதுக்குக் கடிதமோ?” என்று கேட்ட அயலவருக்கு வாய் மூடக் கொஞ்ச நேரம் எடுத்தது. “நாளைக்கு நண்டு பிடிக்கிறதெண்டால் நண்டிட்டையும் கையெழுத்து வாங்குவியள்.”

“பதில் வரட்டும்.”

“அண்ணை, நான் இப்பவே அள்ளித் தந்தால்?”

“கேட்காமல் செய்தால் அது வேறை. கேட்டிட்டுப் பதிலுக்கு முதல் செய்யிறது முறையில்லை.”

மனைவி உள்ளேயிருந்து, “உங்களை ஆர் கேக்கச் சொன்னது?” என்றார்.

பதில் வரவில்லை. இடைக்காலப் பதிலும் வரவில்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன், முதற்கடிதத்தின் பிரதியை இணைத்து. தபால்காரர் படலையைக் கடக்கும்போதெல்லாம் நான் விறாந்தைக்கு வருவேன். பிறகு அவர் என்னைக் கண்டதும் தூரத்திலேயே கையை விரிக்கத் தொடங்கினார். சோளகம் தொடங்கிவிட்டது. சில நாட்களில் படகே ஓடவில்லை. மேற்குக் கரை கலங்கிப்போய் நீர் எடுக்க முடியவில்லை. பாசிக்கு அது ஒன்றும் குறையாகப் படவில்லை.

ஒரு காலை அயலவர் வாளியோடு வந்து ஹோலில் நின்றார். வாளிக்குள் மஞ்சளில் கறுப்பு வரி போட்ட குஞ்சு மீன், ஒன்றல்ல, ஐந்தாறு. இறங்குதுறைத் தூணடியில் அள்ளியிருக்கிறார். வாளியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன.

“அக்காவுக்கு” என்றார் மெல்ல. “விடுங்கோ அண்ணை. கடவுள் பாத்துக்கொள்ளுவார்.”

எனக்கும் ஆசைதான். உள்ளே ஒருவர் எழுந்து நடப்பது அந்த வாளியில் இருந்தது. ஆனால் அந்தக் காலை குப்பியில் சோதித்த நீரின் நிறம் எனக்குத் தெரியும். எங்கிருந்தோ இன்னும் நஞ்சு கசிந்துகொண்டிருந்தது. இந்த நீரில் விட்டால் மீன்கள் நாலைந்து நாளில் மல்லாந்து மிதக்கும். அவர் நடந்து வந்து பார்ப்பது அதுவாக இருக்கும். பிறகு ஒருக்காலும் எழமாட்டார்.

“ஏலாது” என்றேன். “கொண்டுபோய்க் கடலிலை விடும்.”

அயலவர் வாளியைத் தூக்கும்போது தண்ணீர் தளும்பிய சத்தம் அறைக்குள் கேட்டிருக்கும். நான் போய்ப் பார்த்தபோது மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“மீனே?” என்றார் திரும்பாமல்.

“ஓம். ஆனால்…”

“விளங்குது. நடைமுறை.”

அந்தச் சொல்லை என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னிடம் வெறுப்போடு சொல்லியிருக்கிறார்கள். உறைத்தது அன்றைக்குத்தான்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது, கணக்குப் பிழைத்த மாணவனிடம் கேட்பதுபோல, அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வெளிச்சம் குறைத்ததா? ஓம். நீர் மாற்றியதா? ஓம். சாப்பாடு போட்டதா? இல்லை, மீனே இல்லை. “அப்ப பாசிக்குச் சாப்பாடு எங்கையிருந்து வருது?” என்றார். “கல்லு எந்த வேலியாலை எடுத்தனீங்கள்?”

“பின்காணி வேலி.”

“வேப்பமரத்துக்கு அங்காலையோ இஞ்சாலையோ?”

“அங்காலை.”

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கட்டில் ஆடியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, நோகுது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

“அது மாமாவின்ரை மாட்டுப் பட்டி எல்லே! நான் கலியாணம் முடிச்சு வரேக்கை அந்த வேலியோடை எத்தினை மாடு கட்டிக் கிடந்தது. அந்தக் கல்லு முழுக்க மூத்திரமும் சாணியும் குடிச்சு ஊறின கல்லு. அது துளைத்துளையா இருக்கெண்டு சந்தோசமா அள்ளிக்கொண்டு வந்திருக்கிறியள்!”

மாடுகள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, மழை கழுவியிருக்கும், வெயிலில் காயவைத்தேன் என்றெல்லாம் சொன்னேன். பவளக்கல்லின் வேதியியலையும் கொஞ்சம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உங்கட அப்பாவின்ரை மாடுகள் செத்தும் எருப் போடுது” என்றார்.

அவர் சொன்னது சரி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கல்தான் காரணமென்றால் முழுத் தொட்டியையும் கலைத்துத் திரும்பத் தொடங்க வேண்டும். அந்த நீண்ட சுழற்சி முழுவதும் முதலிலிருந்து. அவருடைய கால்களுக்கு அவ்வளவு காலம் இல்லை. அதைவிட, கல்லைத் தேர்ந்தெடுத்தவன் நான். “அப்பிடி இருக்க வாய்ப்பில்லை” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைச் சுரண்டப் போனேன்.

சுரண்டும்போது இப்போது புதுத் தொல்லை. கட்டிலிலிருந்து மேற்பார்வை. “வலப்பக்க மேல் மூலை விட்டிட்டியள்.”

“அங்கையிருந்து உமக்கென்ன தெரியும்?”

“எனக்குத் தெரியிறது அந்த ஒரு மூலைதான். அதையும் ஒழுங்காத் துடைக்கேல்லை.”

சரிவரத் துடைக்காத கரும்பலகையைக் கண்டால் வகுப்பையே தொடங்காதவர் அவர். மாணவத் தலைவனைக் கூப்பிட்டு, மூலையிலிருந்து மூலைக்குத் துடைக்கவைத்த பிறகுதான் சோக்கட்டியைத் தொடுவார். அந்தப் பச்சை மூலை நாளெல்லாம் அவர் கண்ணெதிரே இருந்தது. இதை நான் யோசித்திருக்கவில்லை.

காற்றுக் கொஞ்சம் தணிந்த ஒரு காலை, அயலவரோடு நீர் எடுக்க மேற்குக் கரைக்குப் போனேன். திரும்பி வந்து விறாந்தையில் வாளியை இறக்கியபோது ஹோலுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். மனைவி தொட்டியருகே நின்றார். இடக்கை வோக்கரில், வலக்கை தோள்வரை தொட்டிக்குள். சட்டைக் கை நனைந்திருந்தது. பாத்திரம் தேய்க்கிற தும்பால் கண்ணாடியை, மூலையிலிருந்து மூலைக்கு, கோடு கோடாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து ஹோலுக்கு வருவதற்கு முன் அவர் குசினிக்கும் போயிருக்கிறார். தும்பு அங்கேதான் இருந்தது.

என் பின்னால் வந்த அயலவர், “மாதாவே!” என்றார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. “ஒரு கண்ணாடி துடைக்கத் தெரியாது. முப்பது வருசம் கந்தோரிலை என்ன செய்தனீங்கள்?” என்றார்.

அப்போதுதான் நீரின் மேலே நுரையைக் கண்டேன்.

உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் முதல் விதியாக இதைச் சொல்வார்: எந்தக் காரணம் கொண்டும் சவர்க்காரம் உள்ளே படக்கூடாது. கைகூடச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வைக்கக்கூடாது. அந்தத் தும்பு பாத்திரம் கழுவும் சவர்க்காரத்திலேயே வாழ்வது. நுரை கல்லைச் சுற்றி, வடிக்குள் இழுபட்டு, மோட்டார் வழியாகக் குமிழ் குமிழாய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. பங்குனியிலிருந்து நான் கட்டிக்காத்த நீர், துளைகளுக்குள் குடியேறிய உயிர்கள், எல்லாம் முடிந்தது.

வாய் தானாகத் திறந்தது. அவருடைய கால்களைப் பார்த்தேன். இரண்டும் தரையில், நேராக, நடுக்கமில்லாமல் நின்றன. வாயை மூடினேன். இந்தக் கதை முழுவதிலும் நான் முறைப்படி செய்யாத ஒரே காரியம் அதுதான்.

“வடிவாத் துடைச்சிருக்கிறீர்” என்றேன்.

“பேந்தென்ன.”

சவர்க்காரத் தொட்டியை அப்படியே வைத்திருக்க முடியாது, கலைக்கத்தான் வேண்டும். ஏன் கலைக்கிறியள் என்று மனைவி கேட்டால் என்ன சொல்வது? காரணத்தைச் சொன்னால் அவர் மறுபடி தொட்டியடிக்கு வரமாட்டார். பிழை விட்டதாக யாராவது சொன்னால் தாங்கிக்கொள்ளாதவர். தானே கண்டுபிடித்தால் இன்னும் மோசம். எனவே அன்று மத்தியானம், அயலவரும் கேட்கும்படி, உரத்த குரலில் அறிவித்தேன்: “நீர் சொன்னதுதான் சரி. பட்டிக் கல்லுத்தான் காரணம். முழுக்கக் கலைச்சு, கல்லை மாத்தித் திருப்பித் தொடங்கவேணும்.”

மனைவி கதிரையில் இருந்தார். என்னை நெடுநேரம் பார்த்தார். நான் பிழையை ஒப்புக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லாத காட்சி. “உடம்புக்கு ஏதும் செய்யுதே?” என்று கேட்டார்.

அயலவர் அந்தக் கதையை ஊர் முழுவதும் கொண்டுபோனார். மாட்டு மூத்திரத்தில் மீன் வளர்க்கப் பார்த்த உத்தியோகத்தர் என்று கடைத்தெருவில் எனக்குப் புதுப் புகழ் கிடைத்தது. சவர்க்காரத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் அறியார். நான் எழுதுவதையெல்லாம் சிவப்புப் பேனாவோடு வாசிப்பவர் மனைவி. இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது அறிவார். அப்போது அவர் என்னைத் துரத்திப் பிடிக்கிற அளவுக்கு நடப்பார் என்பதால் எழுதுகிறேன்.

மறுபடி தொடங்கினோம். தொட்டியை வெறும் நீரால் திரும்பத் திரும்பக் கழுவினேன். இந்த முறை முன்வேலியின் வழவழப்பான கல். அதையும் கடல்நீர் நிரப்பிய பீப்பாயில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றிச் சோதித்த பிறகே உள்ளே வைத்தேன். மண்ணிறம் வந்தது, போனது. பச்சை வந்தது, ஆனால் தாடியளவில் நின்றது. மனைவி காலையும் பின்னேரமும் வோக்கரோடு வந்து பார்வையிட்டார், குறை சொன்னார், போனார். பிறகு வோக்கர் போய் ஊன்றுபொல்லு வந்தது. தும்புக்குப் பதிலாகப் புதுத் துணியொன்றைத் தொட்டிக்கென்றே ஆணியில் மாட்டி வைத்தேன். இதுதான் முறை என்றேன். அவரும் முறைப்படி துடைத்தார்.

நத்தை மட்டும் வரவில்லை. நான் கேட்டுவிட்டேனே. இரண்டாம் நினைவூட்டலும் போயிற்று. தொலைபேசியில் கூப்பிட்டால், கடிதம் எழுதிப் போடுங்கோ என்றார்கள். தாடி தாடியாகவே இருந்தது. நத்தை இல்லாமல் அது குறையவில்லை; அது குறையாமல் மீன் இல்லை.

கார்த்திகை மழையில் இரண்டு நாள் வெயில் எறித்தது. நான் வங்கியலுவலாக யாழ்ப்பாணம் போய்ப் பின்னேரப் படகில் திரும்பினேன். தொட்டிக் கண்ணாடியில் கறுப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது. கிட்டப் போனேன். நத்தைகள். கல்லில் இன்னும் சில. ஒன்று மேய்ந்த இடத்தில் பாசியில்லாத சுத்தமான கோடு ஒன்று நெளிந்து போயிருந்தது.

“இதெல்லாம் ஆர்?”

மனைவி செருப்பில் ஒட்டியிருந்த கடல் மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். “நான்தான். பொல்லை ஊண்டிக்கொண்டு போனன். பக்கத்து வீட்டான் கூட வந்தவன்தான், ஆனால் பொறுக்கினது நான்.”

“பதில் வரேல்லையே!”

“பதில் உங்களுக்கெல்லே வரவேணும். நான் ஒருத்தரையும் ஒண்டும் கேக்கேல்லை.”

ஆட்சேபிக்கக்கூடிய இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. என் தர்க்கத்தையே எடுத்து விடையை எழுதியிருந்தார்.

பிறகு ஒருநாள் காலை தபால்காரர் கையை விரிக்காமல் மணியடித்தார். நான் பல் பிரஷும் கையுமாக ஹோலில் நின்றேன். மனைவி பொல்லு இல்லாமலே படலைக்குப் போய் வாங்கி, அங்கேயே நின்று உடைத்து, சத்தமாக வாசித்தார். கோரப்படும் நத்தைகள் எவை, எத்தனை, எக்கரையில், என்ன தேவைக்கு எனத் தெளிவாகக் குறிப்பிட்டு மீள விண்ணப்பிக்குமாறு கேட்டிருந்தார்கள்.

“ரெண்டாம் பந்தியிலை எழுதித்தானே விட்டனீங்கள்?” என்றார்.

“ஓம்.”

“முழுப் புள்ளியும் குறைக்கவேணும் இவைக்கு.” கடிதத்தை என் கையில் தந்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். பச்சை அனேகமாகப் போயிருந்தது. மீன் இன்னும் விடவில்லை. நீரைச் சோதிக்க வேண்டும். கடிதத்தில் திகதி முத்திரை தெளிவாக இல்லாதபடியால், கிடைத்த நாளை நானே மேல் மூலையில் எழுதிக் கோப்பில் போட்டேன்: கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள்.